தூய தமிழில் உரையாடுவார்

ஊவா மாகாணத்தைப் பொறுத்தவரை, தமிழ் வாழ்வதும் வீழ்வதும் ஒரே ஒரு மனிதரின் தோளில் தங்கியிருந்தது. தோளுக்கு உரியவர் பத்மநாதன், தமிழ்ப் பாட உதவிக் கல்விப் பணிப்பாளர். அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தவரும் அவரேதான்.

வடக்கே சாவகச்சேரியிலிருந்து பதுளைக்கு வந்து பதினெட்டு வருடம். தேயிலைத் தோட்டப் பாடசாலைகளைப் பார்வையிடப் போகும்போது, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தாலும், 'போறேன்' என்று சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்தி தன் ஊர் வழக்கில் 'போறன்' என்று திருத்துவார். இரண்டுமே 'போகிறேன்' தேய்ந்து வந்தவை. பார்க்கப்போனால் பிள்ளை சொன்னதுதான் இலக்கணத்துக்குக் கிட்ட. இதை அவரிடம் சொல்லக்கூடிய ஆள் பதுளையில் இல்லை.

ஒரே மகன் சுபாஸ் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவன். பதினாலு வயதில் சிகரெட்டோடு பிடிபட்டான். வகுப்பறைக் கண்ணாடியை உடைத்தான். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிநேகிதன் சதீஸ்குமாரின் லயத்து வீட்டில் கரம் போர்ட் விளையாடிக்கொண்டிருந்தான். இவையெல்லாம் பத்மநாதனுக்கு மன்னிக்கக்கூடிய குற்றங்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவன் தோட்டத்துப் பிள்ளைகள் மாதிரி "பசிக்குதுங்க" என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சரியான சொல்லை நூறு தரம் எழுத வைத்தார். எழுதிக் கொடுத்தவன் அன்றோடு தகப்பனுடன் பேசுவதை நிறுத்தினான். ஒரு வருடம். வீடு அமைதியாகிவிட்டது. கண்டிப்புக்குப் பலன் கிடைத்திருப்பதாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டு ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை. புத்தகங்கள் கட்டிலில் கிடந்தன, பையைக் காணவில்லை. தலையணையில் ஒரு துண்டுக் காகிதம்: "போறேன். தேடாதீங்க."

தாய் லீலாதேவி அதை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பத்மநாதன் வாங்கிப் படித்தார்.

"ரெண்டு வசனம். ரெண்டு பிழை," என்றார்.

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"அடையாள அட்டை கூட இல்லாத பிள்ளையப்பா," என்றாள் அவள். "ஆமிச் செக்பொயின்ற்றிலை பிடிச்சாங்களெண்டால் ஆரெண்டு சொல்லுவான்?"

பொலிசில் முறைப்பாடு அரைமணி நேரத்தில் முடிந்தது. பத்திரிகை அறிவித்தலுக்குத்தான் மூன்று நாள் பிடித்தது. 'இல்லந் துறந்தேகிய எம் மைந்தன்' என்று தொடங்கி, ஒற்று மிகுமா மிகாதா என்று இரண்டு இரவு யோசித்து, ஒரு பக்கம் எழுதினார். பத்திரிகைக்காரர்கள் 'காணவில்லை' என்று தலைப்புப் போட்டு, படத்துக்குக் கீழே உயரம், நிறம், வீட்டுத் தொலைபேசி இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார்கள். அடையாளக் குறிப்பு என்ற இடத்தில் அவர் எழுதிய ஒரு வரி எப்படியோ தப்பிவிட்டது: 'தூய தமிழில் உரையாடுவார்.'

முதல் அழைப்பு பண்டாரவளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஸலீமிடமிருந்து.

"நேத்து நம்மட கடையில ஒரு புள்ள ரொட்டி திண்டிச்சு, சேர். மூஞ்சி பேப்பர்ல உள்ள மாதிரியேதான்."

"எப்பிடிக் கதைச்சவன்?"

"இந்தத் தோட்டத்துப் புள்ளயள் கதைக்கிற மாதிரித்தான்."

"அப்ப அது வேறை ஆள். நன்றி."

அடுத்த நாள் பின்னேரம் லீலாதேவி கோயிலுக்குப் போயிருந்தாள். மணி அடித்தது.

"ஹலோ... அம்மா இருக்காங்களா?" தடித்த, கரகரத்த குரல்.

"ஆர் கதைக்கிறது?"

"நாந்தாங்க."

"தம்பி, 'நாந்தாங்க' எண்டு தமிழிலை ஒரு சொல்லும் இல்லை. 'இருக்காங்களா' எண்டும் இல்லை. முதல்லை ஒழுங்காக் கதைக்கப் பழகு, பிறகு போன் எடு. இது எங்கட மகன் எடுக்கிறதுக்காக வைச்சிருக்கிற லைன்."

வைத்துவிட்டார். லீலாதேவி வந்து "ஆரும் எடுத்தவையோ?" என்று கேட்டபோது "இல்லை" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

ஒன்பதாம் நாள் சதீஸ்குமாரின் தாய் கருப்பம்மா கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு கடிதம்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றாள் லீலாதேவி.

"இருக்கட்டும்மா, காலெல்லாம் சேறு. சுபாஸ் தம்பி எங்க பயலுக்குக் காயிதம் போட்டிருக்கு. சார் அடிப்பாருன்னு அவன் வரமாட்டேன்னுட்டான். பெத்தவ மனசு கெடந்து துடிக்குமேன்னு நான் கொண்டாந்தேன்."

பத்மநாதன் உரத்துப் படிக்கத் தொடங்கினார்.

"'டேய் சதீஸ், நான் ஒரு கடையில சாமான் தூக்கறேன். தங்க எடம் இருக்கு. அம்மாகிட்ட பேசலாம்னு வீட்டுக்குப் போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தாரு. நாந்தான்னு சொன்னேன். தமிழ ஒழுங்காப் பேசக் கத்துக்கிட்டு எடுன்னு வெச்சிட்டாரு.'"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. லீலாதேவி வாங்கி மீதியைப் படித்தாள். "'என் கொரலே தெரியலடா அவருக்கு. இனிமே பண்ண மாட்டேன்.'"

முகவரி இல்லை. முத்திரையில் மை பரவி ஊர்ப்பெயர் அழிந்திருந்தது.

"போன் வந்ததோ?" என்று கேட்டாள் லீலாதேவி.

அவர் தொலைபேசியைப் பார்த்தார்.

"போன மார்கழியே அவன்ரை குரல் உடைஞ்சு போச்சு. குசினிக்குள்ளை நான் சமைக்கேக்கை என்னோட அப்பிடித்தான் கதைக்கிறவன். இருக்காங்க, வாங்க எண்டு. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் திரும்பவும் நூறு தரம் எழுத விடுவியள்."

அவள் அழவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கருப்பம்மா புறப்பட்டாள். பத்மநாதன் வாசல் படலை வரைக்கும் பின்னால் போனார்.

"உங்கடை மகன் எங்கையும் போயிட்டு வந்தால்... என்னெண்டு கேப்பியள்?"

"என்னத்தங்க கேக்கிறது? சாப்பிட்டியாப்பான்னு கேப்பேன்."

"சாப்பிட்டியாப்பா."

"அவ்வளவு வெறப்பாச் சொல்லாதீங்க சார். பயந்துடும்."

அவர் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை என்று கருப்பம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த பத்து நாளும் அவர் லீவு போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று 'வந்துடுப்பா' என்பதை மெல்லச் சொல்லிப் பழகுவதை லீலாதேவி ஒருதரம் கண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியாப்பா?" என்றார். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்ப்பா. எப்பிடி வேணும்னாலும் பேசுப்பா. வந்துடுப்பா. அம்மா இருக்காங்க, இங்கதான் இருக்காங்க..." குரல் உடைந்து அழுதார். லீலாதேவி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

மறுமுனையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மாகாணக் கல்விப் பணிப்பாளர். காலாண்டு அறிக்கை இன்னும் வந்து சேரவில்லையாம்.