இரண்டாவது பிரேக்

அப்பாவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் புதுக் காரின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வாசலில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றவர் போகிறார், இவளுக்குக் கார்தான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கண்ணாடியில் சித்தப்பா நன்றாகத் தெரிந்தார். அதனால்தான் அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

சித்தப்பா காலையிலிருந்து ஓய்ந்தபாடில்லை. நாற்காலி போடச் சொன்னார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நடுநடுவே "அண்ணன் எனக்கு அப்பா மாதிரி" என்று ஆள் ஆளிடம் சொல்லி அழுதார். அழுகை உண்மைதான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய்யாக அழுதிருந்தால் மனசுக்குள் ஒரு தடவை காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒரே காரில். வெள்ளையாக இருந்து காலப்போக்கில் பழுப்பாகிப்போன கார். வாத்தியார் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன் ரப்பர் அப்பாவின் செருப்புக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அந்தக் காரைப் 'பெரியவ' என்றுதான் சொல்வார். "பெரியவளுக்கு ஆயில் மாத்தணும், சின்னவளே, அந்த டார்ச்ச எடு" என்பார். சின்னவள் என்றால் இவள். சின்ன வயதில் அதற்காக அவள் காரின் மேல் பொறாமைப்பட்டதுகூட உண்டு. பிறகு அவளும் அதே காரில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

போன மழைக்காலத்தில், நாலு ரோடு சேரும் சிக்னலில், சித்தப்பா தன் காரைக் கொண்டுவந்து பெரியவளின் பின்பக்கத்தில் மோதினார். ஸ்டியரிங்கில் இருந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். சிவப்பு விழுந்தும் அவள் நிறுத்தவில்லை என்று அப்பா தன் பிரேக்கை மிதித்திருக்கிறார். பின்னால் வந்த சித்தப்பா, இவர்களோடு சேர்ந்து தானும் போய்விடலாம் என்று வேகமாக வந்திருக்கிறார். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் சித்தப்பா வெளியில் சொன்னது வேறு. பச்சை எரிந்துகொண்டிருந்ததாம், அண்ணன் காரணமே இல்லாமல் பிரேக் போட்டுவிட்டாராம், வயசாகிக் கண் சரியாகத் தெரியவில்லையாம். சித்தப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சிவப்பில் மோதினார் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகளிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை, உண்மையைச் சொன்னார். "வெளிய சொல்லாதே. தம்பிதானே" என்றார். ஓட்டிய பெண்ணோ பயத்தில் எதையும் பார்க்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் டீக்கடையில் அப்பாவுக்கு 'சடன் பிரேக்' என்று பேர் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். பெரியவளின் அடிச்சட்டம் வளைந்துபோயிருந்ததால் சரிசெய்ய முடியாது என்று பழைய இரும்புக்குப் போட்டார்கள். இழுவை வண்டி அதைக் கொண்டுபோனபோது அப்பா வீட்டுக்குள் இருந்தார், வெளியே வரவில்லை.

அவள் இந்த சாம்பல் நிறக் காரை வாங்கி, பக்கத்து சீட்டுக்கு பிரேக் பொருத்திக் கொண்டுவந்தாள். அப்பா ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்தார். காலை வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரோ வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்று இறங்கிவிட்டார். அப்புறம் ஏறவே இல்லை. நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது டாக்டரின் கணக்கு, அவளுடைய கணக்கு வேறு.

"பாப்பா, இன்னிக்கு நீ ஓட்ட வேணாம்" என்றார் சித்தப்பா, நாலு பேர் காதில் விழும்படி. "கை நடுங்கும். சாவியக் குடு, நான் ஓட்டறேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. சாவியைக் கொடுத்தாள்.

"சரி சித்தப்பா. நீங்களே ஓட்டுங்க."

சித்தி பின்சீட்டில் ஏறினாள். அத்தை வேனில் அண்ணனோடு போகிறேன் என்று நின்றாள். அத்தை காதில் ஒரு சேதி விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடும். 'சடன் பிரேக்' கதையும் அப்படிப் பரவியதுதான். "வேன்ல இடமில்ல அத்தை, இதுல வாங்க" என்று அவள் கையைப் பிடித்து ஏற்றினாள். வேனில் இடம் இருந்தது.

அவள் அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள். வேன் முன்னால் நகர்ந்தது. சித்தப்பா சாவியைத் திருப்பினார்.

"இண்டிகேட்டர்" என்றாள்.

"என்னம்மா?"

"கிளம்பறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர் போடணும்."

சித்தப்பா லேசாகச் சிரித்தார். "அப்படியே உங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். அவர் கண் கலங்கியது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் ரோட்டைப் பார்த்தாள்.

அதுவரை அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. இன்றைக்குக் கேட்க வேண்டாம், அப்பா போகிற நாளில் வேண்டாம் என்றுதான் பாதி நேரம் நினைத்துக்கொண்டு வந்தாள். நாலு ரோடு நெருங்கியதும் சித்தப்பா தானாக வாயைத் திறந்தார்.

"இங்கதான்க்கா" என்றார், கண்ணாடியில் அத்தையைப் பார்த்து. "பச்ச எரியுது, முன்னாடி ஒரு வண்டி கெடையாது. அண்ணன் என்ன நெனச்சாரோ, டக்குனு மிதிச்சுட்டாரு. அன்னியிலேர்ந்துதான் மனுஷன் ஒடஞ்சு போயிட்டாரு."

"வயசாயிடுச்சுல்ல" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "பாவம், பிரேக் எது, எப்ப மிதிக்கணும்னு கூட..."

வேன் மஞ்சளில் கடந்தது. சிவப்பு விழுந்தது. வேனை விட்டுவிடக் கூடாதென்று சித்தப்பா வேகம் கூட்டினார். அவள் காலை வைத்து அழுத்தினாள்.

கார் குலுங்கி அணைந்தது. சித்தியின் மடியிலிருந்த பை கீழே விழுந்தது. அத்தையின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அவர்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு லாரி கடந்து போனது.

"என்ன லைட்டு சித்தப்பா?"

"வேன் போகுதேன்னு..."

"பாடம் நடக்குதுன்னு வெச்சுக்குங்க. என்ன லைட்டு?"

"சிவப்பு."

"அன்னிக்கு?"

சித்தப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பச்சை விழுந்தது. அவசரமாகக் காரைக் கிளப்பினார். அது ஒரு உதறு உதறி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின. அப்போதுதான் அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். வாத்தியார் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மாணவன்தான் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது.

"காலை எடும்மா."

"அன்னிக்கு என்ன லைட்டு?"

"இதெல்லாம் இப்பப் பேசற பேச்சா? அண்ணன் அங்க தனியாப் போறாரு."

"ஆமா. தனியாத்தான் போறாரு. என்ன லைட்டு?"

"என்னங்க, என்ன கேக்கறா அவ?" என்றாள் சித்தி. அவளுக்கு உண்மையாகவே தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. சித்தப்பா கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

"சிவப்பு" என்றார்.

"பின்னாடி கேக்கல."

"சிவப்புக்கா" என்றார், பின்னால் கேட்கும்படி. "சிவப்பு விழுந்துடுச்சு. அண்ணன் சரியாத்தான் நிறுத்தினாரு. நான்தான் கொண்டுபோய் மோதினேன்."

அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்திருந்தாள். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன்" என்றார் சித்தப்பா. "அண்ணன்தான் வேணாம்னுட்டாரு. புள்ளைங்க படிக்குது, வேலை போயிடும்னாரு."

"சொல்ல வேணாம்னாரு. அவருக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லச் சொன்னாரா?"

சித்தப்பா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நெஞ்சு நிறைய இனித்தது. எத்தனையோ தடவை இந்தக் காரைக் கழுவும்போது இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகி வைத்திருந்தாள். பதில் வந்தபின் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை.

மறுபடி சிவப்பு வந்து, மறுபடி பச்சை வந்தது. பின்னால் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிக் கடந்து போனார்கள். சித்தப்பா காரைக் கிளப்பவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"எடுங்க. போகலாம்" என்றாள்.

"நீ காலை எடுக்கணுமேம்மா."

அவள் எடுக்கப் பார்த்தாள். இடுப்பிலிருந்து பாதம்வரை மரத்துப்போயிருந்தது. பாதம் பிரேக்கிலேயே கிடந்தது. வேன் போன திசையில் தூசிகூட அடங்கிவிட்டிருந்தது. அவள் குனிந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து, தன் காலைத் தானே தூக்கி ஓரமாக வைத்தாள்.