இருநூறு டாலர் மேசை

"புதுசா ஆடுறீங்களா சார்?" என்று கேட்டான் சீட்டு விடுதியின் மேற்பார்வையாளன் கிளிஃப்டன். "அப்ப சன்னலோர மேசைக்குப் போங்க. இருபது டாலர் போதும். தோத்தாலும் படுத்தா தூக்கம் வரணும், அதுதான் நமக்கு ஏத்த மேசை."

ஆர்வில் ஸ்டெங்கர் சன்னல் பக்கம் பார்த்தார். டயர் தொழிற்சாலை மூடியதிலிருந்து கார்டினா ஊரில் பகல்பொழுதைத் தள்ள எல்லோருக்கும் இந்த விடுதிதான். அந்த மேசையில் செலஸ்டினோ பர்ரகான் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். அவனும் பக்கத்தில் இருந்த நால்வரும் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த ஆர்விலின் கீழே வேலை பார்த்தவர்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காகப் பர்ரகானை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். இன்று அவர்களுக்கும் வேலை இல்லை, அவருக்கும் இல்லை. இருந்தாலும் அவர்களோடு சரிசமமாக உட்கார அவருக்கு உடம்பு கூசியது.

"இருநூறு டாலர் மேசை எங்க?" என்றார்.

அது நடந்து மூன்று வாரமாகிறது. பெரிய மேசையில் யாரும் பேசுவதில்லை. ஆர்வில் கண் சிமிட்டுவதற்குள் அவர் கையில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். நல்ல சீட்டு வந்தால் எல்லோரும் தங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். மோசமானது வந்தால் யாரும் விலக மாட்டார்கள். தொழிற்சாலையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் கரைந்துகொண்டிருந்தது. காலையில் பல் துலக்கும்போதெல்லாம், இன்று போகக்கூடாது என்று நினைப்பார். பதினோரு மணிக்கு அதே நாற்காலியில் இருப்பார். வேறு நாற்காலிக்கு மாறினால் ஏன் மாறினார் என்று சன்னலோரத்துக்குத் தெரிந்துவிடுமே.

மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம் பழகிய சிரிப்பொன்று கேட்டது. மனைவி மேக்சின். வீட்டில் தனியாக இருந்து அலுத்துப்போய்க் கிளம்பி வந்தவள், கிளிஃப்டன் காட்டிய சன்னலோர மேசையில், பர்ரகானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ராணி ஜோடியை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் முழிச்சீங்க? முகமே காட்டிக் குடுக்குதேக்கா!" என்று பர்ரகான் சொல்ல, மேசையே குலுங்கியது. மேக்சின் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

ஆர்வில் கையில் இரண்டு ஜோடி இருந்தது. எதிரில் இருந்தவர் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கவிழ்த்துவிடலாம் என்று புத்தி சொன்னது. சிரிப்பு இன்னொரு முறை கேட்டது. முன்னால் இருந்த பந்தய வில்லைகளில் பாதியை நடுவே தள்ளினார். எதிராளி இரண்டு ஜோடியை வெல்லும் மூன்று எட்டுகளை மெதுவாக விரித்து வைத்தார்.

தோளில் ஒரு கை பட்டது. பர்ரகான்.

"மேஸ்திரி, நம்ம மேசையில ஒரு நாற்காலி காலியாச்சு," என்றான் தாழ்ந்த குரலில். "வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

அவன் ஒரு கிண்டல் செய்திருந்தால் கூட ஆர்வில் எழுந்து போயிருக்கலாம்.

"இங்க நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆர்வில்.

பர்ரகான் தன் மேசைக்குத் திரும்பினான். அங்கிருந்து மேக்சின் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஆர்வில் குனிந்துகொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறை அவருடையது. கலைத்தார், வெட்டக் கொடுத்தார், இடப்பக்கத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஐந்தைந்தாகப் போட்டார். போட்டு முடித்தும் யாரும் சீட்டைத் தொடவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கட்டைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தார். மற்ற எல்லோர் முன்னாலும் ஐந்து சீட்டு இருந்தது. தனக்கு மட்டும் அவர் போட்டுக்கொள்ளவில்லை; மிச்ச வில்லைகளுக்கு முன்னால் மேசையின் வெறும் பச்சைத் துணி.