சொன்னால் போதும்

தங்கை அண்ணனின் மணிக்கட்டை விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பிடித்து எண்ணினாள். இரண்டாம் முறையும் நாடி நூற்றுப் பத்துக்குக் குறையவில்லை.

"என்ன வாத்தியாரம்மா, கணக்கு உதைக்குதா?" என்றான் அண்ணன். உதடு காய்ந்து போயிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடு."

"இப்பத்தானே குடிச்ச?"

"அது அப்ப."

குடலிறக்கத்துக்கு அறுவை நடந்து ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது. காலையில் தானே எழுந்து பல் துலக்கினான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மதியம் இரண்டு மணியிலிருந்து அவன் நெற்றியில் வியர்வை துடைக்கத் துடைக்க ஊறிக்கொண்டிருந்தது. தங்கைக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷமாக நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். வியர்வை, தாகம், வேகமான நாடி, மூன்றும் சேர்ந்தால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பாள்!

வார்டு நர்ஸைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் அவளுடைய பழைய மாணவி, போன வருஷம்தான் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவள். காலையில் அவளைப் பார்த்ததும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "இது என் பொண்ணு அண்ணி, இனிமே கவலையே வேண்டாம்" என்று அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

நர்ஸ் பெண் பி.பி. பார்த்தாள். "நூறுக்குக் கீழ இறங்கியிருக்கு மேடம்."

"டாக்டருக்கு உடனே சொல்லும்மா."

அந்தப் பெண் கட்டிலைச் சுற்றிப் போனாள். திரையை இழுத்துவிட்டாள், சலைன் பாட்டிலைப் பார்த்தாள், வேகவேகமாக அட்டையில் ஏதோ எழுதினாள். "டாக்டருக்குச் சொல்லியாச்சு மேடம். சலைன் வேகத்தைக் கூட்டியாச்சு" என்றாள். தடுமாற்றமில்லாத, தெளிவான குரல். தங்கைக்கு நெஞ்சு லேசானது. வகுப்பில் எப்படிச் சொல்லச் சொன்னாளோ அப்படியே சொன்னாள்.

"உன் பெரியப்பாவையும் இப்படித்தான் கவனிப்பாங்களா?" என்றான் அண்ணன்.

பெரியப்பா என்பது கல்லூரிப் பயிற்சிக் கூடத்தில் படுத்திருக்கும் பொம்மை. ஆளுயரம், மூச்சு விடும், இருமும், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். பெயர் வைத்தது மாணவிகள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தங்கைதான் அதை ஆட்டுவிப்பாள். முன்பெல்லாம் ஒரு வேளைக்கு நாலு பேர்தான் அதில் பயிற்சி எடுக்க முடிந்தது. கையுறையைத் தேடுவதிலும் போனுக்குக் காத்திருப்பதிலுமே பாதி நேரம் ஓடிவிடும். அதற்குத் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்ன வேலைகளைச் செய்ய வேண்டாம், வாயால் சொன்னால் போதும். "கை கழுவியாச்சு." "டாக்டருக்குச் சொல்லியாச்சு." கூரை மூலையிலிருக்கும் மைக்கில் அது விழுந்தால் செய்ததாகக் கணக்கு. ஒரே வேளையில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். இந்த முறையைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக்கு ஏகப்பட்ட ஆதரவு. பக்கத்துக் கல்லூரிகளும் அதையே பிடித்துக்கொண்டன.

பெரியப்பா ஒரு தடவைகூடச் செத்ததில்லை. பிள்ளைகள் அழுவார்கள் என்று கடைசி நிமிஷத்தில் அவள் பொத்தானை அழுத்திவிடுவாள்.

இதைக் கேட்டு வீட்டில் ஒருநாள் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. ஆனா பத்தாம் நாள் காலைத் தூக்கி சீட் மேல மடக்கி வச்சுக்குவேன். அதை அவங்க கண்ணால பாக்கணும். இல்லேன்னா ஆயுசுக்கும் என் காலை நம்பித்தான் ஓட்டுவாங்க" என்றான். உன் வேலை வேறு, என் வேலை வேறு என்று அவள் சிரித்துத் தள்ளிவிட்டாள்.

மணி மூன்றரை ஆனது. டாக்டர் வரவில்லை.

"ஏம்மா, ஆளையே காணோமே?" என்றாள் அண்ணி.

"அறுவை அரங்குல இருப்பாரு அண்ணி. அதான் சொல்லியாச்சே."

அண்ணன் போர்வையை உதைத்தான், பிறகு குளிருது என்று இழுத்துக்கொண்டான். பேச்சு குறைந்தது. அவன் பேசாமலிருந்ததுதான் தங்கைக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். சொந்த மாணவியை நாலு பேர் முன்னால் நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இருபது நிமிஷம் போனது.

நர்ஸ் பெண் மறுபடி வந்தாள். பி.பி. பட்டையைத் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து மறுபடி சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் விறைப்பாக நிமிர்ந்து, முகவாயை உயர்த்தி, கூரை மூலையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"பி.பி. எழுபது. டாக்டருக்குச் சொல்லியாச்சு. ஆக்சிஜன் வச்சாச்சு."

ஆக்சிஜன் முகமூடி சுவரில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கை அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அந்த மூலையில் மைக் இல்லை, எதுவுமே இல்லை. வெறும் சுண்ணாம்பு. சலைன் பாட்டிலைப் பார்த்தாள். காலையில் சொட்டிய அதே வேகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"போன் பண்ணியா?"

"சொன்னேன் மேடம்."

"யார்கிட்டம்மா சொன்ன?"

அந்தப் பெண் மறுபடியும் கூரை மூலையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது போலிருந்தது.

தங்கை ஓடினாள். டாக்டர் கீழ்த்தளத்தில் தன் அறையில்தான் இருந்தார், கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது. இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டார். அதன் பிறகு எல்லாம் நிஜமாகவே நடந்தது. முகமூடி வைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு அறுவை அரங்குக்கு ஓடினார்கள். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு அண்ணன் இறந்துபோனான். வெளியே வந்த டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி என்னைக் கூப்பிட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நடைபாதை பெஞ்சில் அண்ணியும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று நின்ற நாத்தனாரைப் பதினெட்டு வருஷமாக முகம் சுளிக்காமல் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள் அவள். தங்கைக்கு இனி உலகத்தில் இருந்தது அந்த ஒரு கைதான்.

எதிரே மேஜையில் தலைமை நர்ஸ் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பெண் அழுதுகொண்டே நின்றாள்.

"டாக்டருக்கு எத்தனை மணிக்குச் சொன்ன?"

"ரெண்டே முக்காலுக்குச் சொன்னேன் சிஸ்டர்."

"பொய் சொல்லாதே. அவருக்குப் போனே வரல. ஒரு உயிர் போயிருக்கு, இன்னும் சொன்னேன் சொன்னேங்கிற. இன்னையோட உன் வேலை போச்சு."

அந்தப் பெண் தங்கை பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அவளோடு போய்விடும். ஆய்வும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். தங்கை அதை நினைத்துப் பார்த்தாள், நினைத்ததற்காகத் தன்மீதே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"அவ பொய் சொல்லல" என்றாள்.

தலைமை நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். "அப்ப போன் எங்க?"

"போன் பண்ணல. வாயால சொன்னா போதும்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. படிச்ச மூணு வருஷமும் வாரம் தவறாம அப்படித்தான் பழகியிருக்கா. பயத்துல அதான் வந்திருக்கு."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான். எழுதிக்கோங்க."

தலைமை நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

அண்ணி கையை உருவிக்கொண்டாள். கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பிறகு அந்தக் கையைக் கொண்டுபோய்த் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.