என் பெண்டாட்டியின் கேப்டன்

செத்தவனோடு போட்டி போட்டு ஜெயித்தவன் எவனும் இல்லை. நான் நாற்பத்தைந்து வருடமாகப் போட்டி போட்டு, நாற்பத்தைந்து வருடமும் தோற்றவன். பெயர் தம்புசாமி. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதிராளி கேப்டன் பரமேஸ்வரன், என் மனைவி உஷாராணியின் முதல் புருஷன். கல்யாணமான ஏழாவது மாதம் தாய்லாந்து எல்லைக் காட்டில், கம்யூனிஸ்டுகள் புதைத்து வைத்த கண்ணிவெடியை மிதித்துப் போய்ச் சேர்ந்தார்.

போனவர் முழுதாகப் போனாரா என்றால் இல்லை. சீருடையும் சந்தன மாலையுமாக எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறார். அவருக்குத் தொப்பை விழாது. குறட்டை வராது. கரண்டு பில்லுக்குச் சண்டை போடமாட்டார். பிள்ளை இல்லாமல் போனவர் என்பதால் வருடா வருடம் படையல் போடுகிற பொறுப்பும் என் தலையில்தான். தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, அவருக்குப் பிடித்த நண்டுப் பிரட்டலையும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரையும் வைத்துக் கும்பிடுவேன். பெண்டாட்டியின் முதல் புருஷனுக்கு ஊற்றிக் கொடுக்கிற மடையனை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? படையல் முடிந்ததும் அந்த ஸ்டவுட்டை நான்தான் குடிப்பேன். அந்த உறவில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

இந்த வருடம் வீரர் தினத்தை ஒட்டி, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கேப்டனுக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடானது. நடத்துகிற சங்கத்தின் செயலாளர் குரு வீட்டுக்கே வந்து அழைத்தார்.

"ஆன்டி, நீங்க ஸ்டேஜ்ல கொஞ்ச நேரம் பேசணும். கேப்டன் எப்படிப்பட்டவருன்னு. அங்கிளும் வரலாம், பின்னாடி சீட் இருக்கு லா."

பின்னாடி சீட்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரு கிளம்பியதும் கத்தலாம் என்று திரும்பினால், உஷாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னங்க, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அவரு கொரல்கூட மறந்து போச்சு. மேடையில ஏறி என்னத்தப் பேசுவேன்? நாட்டுக்காகச் செத்த மனுஷன். கட்டினவளுக்கே ஒண்ணும் தெரியலன்னா, அது அவருக்குச் செய்யற துரோகம் இல்லையா?"

அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவள் அழுது அழுது சொன்னதை எல்லாம் வயிறு எரிய எரியக் கேட்டு வைத்திருந்தேன். எதிராளியின் பலம் தெரிய வேண்டாமா?

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வெடிகுண்டுக்குப் பயப்படாதவர் காட்டில் காலைக் கடிக்கிற அட்டையைக் கண்டால் அலறுவார். கேரம் ஆட்டத்தில் காயைத் திருடுவார். பத்துமலைப் படியில் குரங்கு தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, தொப்பி ஆற்றோடு போய்விட்டது என்று மேலதிகாரியிடம் புளுகினார். யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

மேடையில் மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். மூடினாள். பின்வரிசையில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"அவரு வந்து சொல்லுவாரு," என்றாள்.

ஏறினேன். மூன்று கதைகளையும் சொன்னேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. ஏழு மாதக் குடித்தனம், அதிலும் பாதி நாள் காட்டில். எத்தனை கதைதான் தேறும்? முன்வரிசையில் அவரோடு பணியாற்றிய கிழவர்கள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஒரு வீரனை அட்டையோடும் குரங்கோடும் விட்டுவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. என் சொந்தக் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

"உஷாவுக்கு டைபாய்டு வந்தப்ப, கேப்டன் லீவு போட்டுட்டு பக்கத்துலயே கெடந்தாரு. அவரே கஞ்சி காய்ச்சி ஊட்டுவாரு. இவ மூஞ்சியிலேயே துப்புவா. தொடச்சிக்கிட்டு மறுபடியும் ஊட்டுவாரு."

மண்டபம் கைதட்டியது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல காரியம் செய்தோம் என்று இறங்கப் பார்த்தேன். உஷா என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"பொய் சொல்றாரு. கஞ்சி ஊட்டினது கேப்டன் இல்ல. இவருதான், என் புருஷன். கேப்டன் தங்கமான மனுஷன். ஆனா, இப்பத்தான் ஞாபகம் வருது, சுடுதண்ணி வைக்கச் சொன்னாக்கூட சட்டியக் கருக்கிடுவாரு."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஜெயித்துவிட்டேன். ஊரறிய, மைக்கில், அவள் வாயாலேயே ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி, மேடைப் பேனரில் ஆளுயரத்துக்கு நின்ற எதிராளியைப் பார்த்தேன்.

தாடையில் ஒரு பரு. கஷ்டப்பட்டு வளர்த்த மீசை. என் கடைசி மகனைவிடப் பத்து வயது சின்னவன். இந்தப் பையனோடா இத்தனை காலம் மல்லுக்கட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. அவனுக்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன். ஒழுங்காகச் சுடுதண்ணீர் வைக்கக் கற்றுக்கொள்ளக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.