இன்னொரு தாயின் பால்

பால்பவுடர் டப்பாவை நர்ஸம்மா ரிஃபாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் காலையிலேயே சொன்னாங்கள்ல சார்? முப்பது வாரத்துல பொறந்த புள்ள. எடை ஒரு கிலோ நூறு. இந்தப் பவுடர் அந்தக் குடலுக்குத் தாங்காது. தாய்ப்பால்தான் வேணும். அவங்களுக்கு ஊறலைன்னா நம்ம ஆஸ்பத்திரி பால் வங்கியில இருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க."

"வேணாம்மா. எங்க புள்ளைய நாங்க பாத்துக்கிருவோம்" என்றார் ரிஃபாய்.

கோட்டைப்பட்டினத்தில் விலங்கியல் ஆசிரியரான அவருக்கு ஒரு பெருமை உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கேட்டு வாங்கியதில்லை. அடுத்தவர் தயவில்லாமல் நிற்பதுதான் வலு, வலுத்ததுதான் பிழைக்கும் என்று வகுப்பிலும் சொல்வார், வீட்டிலும் சொல்வார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடக்கும்போதும் அந்தப் பெருமை இறங்கி வரவில்லை. அதைப் பெருமை என்பதா, கிறுக்கு என்பதா?

மனைவி தஸ்லீமாவின் தயக்கம் வேறு. ஒரு பெண்ணிடம் பால் குடித்து வளரும் பிள்ளைக்கு அவளும் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. அவர்கள் மார்க்கத்தில் அது பெரிய உறவு.

"வங்கிப் பாலுன்னா நாலு பேரு பாலு ஒண்ணாக் கலந்திருக்கும். எம் புள்ளைக்கு யாரு தாயின்னு நான் தெரிஞ்சுக்கிற வேணாமா?" என்று அழுதாள். மணிக்கொரு தரம் பிழிந்து பிழிந்து பார்த்தாள். கிண்ணத்தின் அடி நனைந்ததோடு சரி.

மூன்றாம் நாள் பிள்ளையின் எடை இன்னும் இறங்கியது. குளுக்கோஸை மட்டும் நம்பி இனி வைத்திருக்க முடியாது, இன்றைக்கே பால் தொடங்கியாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பக்கத்துக் கட்டில் நித்யா, தன் மகளுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த பாலை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தாள். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண். அவளுக்கும் குறைமாதப் பிரசவம்தான். கிண்ணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, எம் பேரு நித்யா. வீட்டுக்காரரு பேரு கண்ணப்பன். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீடு. எனக்கு ஒரே பொண்ணு, இந்தா உள்ளதான் கெடக்குறா. இப்ப யாரு என்னன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? எம் பாலைக் குடுங்க."

வாசலில் நின்ற ரிஃபாய்தான் முந்திக்கொண்டார்.

"வேணாம்மா. ஒங்க புள்ளைக்குக் கொறைஞ்சிரும்."

"எடுக்க எடுக்கத்தான் சார் ஊறும். வீணா ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்லம்மா, யார்ட்டயும் வாங்கி எங்களுக்குப் பழக்கமில்ல..."

தஸ்லீமாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ!

"போதும்ங்க! ஒரு இனம் ஜெயிச்சிருச்சுன்னு எதை வச்சுச் சொல்லணும்னு டியூசன்ல கத்துவீங்களே? அதோட குட்டி பொழைக்கணும், வளந்து அதுவும் குட்டி போடணும்னு. ஆட்டுக்குட்டி பொறந்த அன்னைக்கே எந்திரிச்சு நிக்கிது. நம்ம புள்ளைக்குக் கழுத்து நிக்கவே மூணு மாசம் ஆகும். இப்புடி ஒண்ணும் ஏலாமப் பொறக்குற மனுசன் ஒலகம் பூரா எப்புடி நெறஞ்சான்? ஒவ்வொருத்தியும் தம் புள்ளையை மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருந்தா நெறஞ்சிருப்பானா?"

இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவர் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ரிஃபாய் நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

நித்யாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்து, பாலைப் பக்குவப்படுத்தி, குழாய் வழியாக இரண்டு மில்லி கொடுத்தார்கள். வயிறு ஏற்றுக்கொண்டது. இரண்டு நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. பத்தாம் நாள் தஸ்லீமாவுக்கே பால் ஊறத் தொடங்கியது. அன்றைக்கு அவளைவிட அதிகம் சிரித்தவள் நித்யாதான்.

நாற்பதாம் நாள் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கண்ணப்பன் ரிஃபாயின் மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வருத்தம் சார். இனி நாம சம்பந்தி ஆக முடியாது" என்றார்.

"அதுக்கும் மேல ஆயிட்டோம்ங்க" என்ற ரிஃபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, மறைக்கவுமில்லை. நித்யாவின் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நன்றிம்மா. இத்தனை வருசம் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கேன். மனுச இனம் பொழைச்சு நிக்கிறது பலத்தால மட்டும் இல்ல. அடுத்தவ புள்ளையும் பொழைக்கட்டும்னு குடுக்குறதாலயும்தான். குடுக்குற கை ஊருல நெறையா இருக்கும்மா. என்னைய மாதிரி வீம்புக்காரங்க வாங்கிக்கிறதுக்குத்தான் கத்துக்கணும்."