நான்காவது முனை

சன்னல் வெளிச்சத்துக்கு நேரே கம்பியின் முனையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பிளேடு அதன்மேல் படிந்து மெல்ல இறங்குகிறது, கருஞ்சிவப்புப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளேயிருந்து புதுச் செம்பு பளிச்சென்று எட்டிப் பார்க்கிறது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கம்பியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பவர் கஸ்பார், என் வீட்டுக்காரர், அவர் விரல்களுக்கிடையே மோதிரம் அளவில் ஒரு கறுப்பு வளையம், அதில் கம்பி சுற்றியவள் நான், டோராய்டு என்பார்கள் அந்த வளையத்தை, இரண்டு கம்பிகளை முறுக்கி ஒன்றாகச் சுற்றினால் நான்கு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நான்கிலும் பூச்சைச் சுரண்டிய பிறகுதான் ரேடியோப் பலகையில் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும், ஏட்டி, மெஷினு சுத்துன மாதிரியில்லா சுத்தியிருக்கே, மெஷினுக்கே பொறாமை வந்துரும் என்கிறார், துறைமுகத்துக் கிரேன்களில் விரல் தடிமன் கேபிள்களோடு மல்லுக்கட்டும் கைகள் அவருடையவை, மயிரிழைக் கம்பியைக் கண்டால் அவை தடுமாறும், அதனால் எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை, சூடு வைப்பது அவர் வேலை, கீழே தெருவில் சாளை சாளை என்று மீன்காரி சந்தனமாரியின் குரல் கேட்கிறது, ஏங்க, சாளை வந்திருக்கு, போய் வாங்கிட்டு வாங்களேன், நேத்தே கேட்டீயள்லா என்று அடுப்படியிலிருந்து சொல்கிறேன், பிளேடை மேசையில் வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், படியில் இறங்கிப் போகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் மேலே வந்து தட்டை என்னிடம் நீட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார், முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவுகிறார், மீன் வாடையோட தொட்டா ரேடியோவும் கடலுக்குப் போயிரும் என்கிறார், சூடாகித் தயாராக இருந்த சால்டரிங் கோலை எடுத்து நான்கு முனைகளையும் பலகையில் பற்றவைக்கிறார், நாலும் கண்ணாடி கணக்கா இருக்கு பாத்தியா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், பார்த்தேன், கண்ணாடி மாதிரித்தான் இருந்தன.

மத்தியான ஷிப்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை, கிரேன் ஏணியில் காலே வைக்கவில்லையாம், கீழே நிழலில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சொன்னார்கள், நெஞ்சு என்றார்கள், வீடு நிறைய ஆட்கள், நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது நினைவில்லை, ரேடியோ அறைச் சுவரில் இருந்த கடிகாரம் மட்டும் நினைவிருக்கிறது, அது நம்மூர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும், உலகத்தில் எங்கே இருக்கிற ரேடியோக்காரரும் பேசிய நேரத்தை அந்தப் பொது நேரத்தில்தான் எழுதிவைப்பார், இங்கே பொழுது சாயும்போது அதில் மத்தியானம்தான் ஆகியிருக்கும், மணப்பாட்டிலிருந்து வந்த என் பெரியம்மா மக்கள் அதைப் பார்த்துவிட்டு அடக்கத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு என்று காபி குடித்தபடி அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கீழே சவப்பெட்டியை மூடப்போகும்போதுதான் ஓடிவந்தார்கள், ஒருத்தி ஒற்றைச் செருப்போடு, கஸ்பார் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார், எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள், அழுதுகொண்டும்தான் இருந்தேன், அடக்கத்துக்கு மறுநாள் என் கொழுந்தன் இன்னாசி ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், மதினி, இது சும்மா தப்பு நேரம் காட்டிக்கிட்டு நிக்கி, சரி பண்ணிரட்டா, வேண்டாம் இன்னாசி, அது சரியாத்தான் ஓடுது, அப்படியே மாட்டு, அவன் மாட்டினான், மாட்டிவிட்டு அழுதான்.

ரேடியோப் பெட்டி மேசைமேல் அப்படியே இருந்தது, பெங்களூரிலிருந்து பார்சலில் பச்சைப் பலகையும் பொட்டலம் பொட்டலமாக உருப்படிகளும் வந்து, மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் கோத்த பெட்டி, கேட்கவும் பேசவும் ஒரே பெட்டி, டிரான்ஸீவர், அவருக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு, ஊர் ஊராகப் பேசுவார், இது எனக்கு, லைசென்ஸ் பரீட்சையை இருவரும் சேர்ந்தே எழுதினோம், நான் அவரைவிட மார்க்கு கூட, எனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வந்தது, ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், ஒரு தடவைகூட அந்தக் குறியைக் காற்றில் சொன்னதில்லை, என்கிட்ட பேசும்போது இந்த வியாதி வரக் காணுமே என்பார், அந்நியன் வீட்டுல பேசுத மாதிரி இருக்காக்கும், உனக்குன்னு ஒரு பெட்டி இருந்தா பேசுவே பாரு, இதுல என் குரலே போகப்படாது, மொதக் குரல் உன்னுதுதான் என்பார், சோதித்துப் பார்க்க நீங்களாவது ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கேட்டால், பொண்ணுக்கு எடுத்த சீலைய மாப்பிள்ளை உடுத்திப் பாப்பானா என்று கேட்பார், இப்போது அவர் இல்லாத அறையில் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன், மாடியிலிருந்து இறங்கும் ஆண்டெனா ஒயரைச் செருகினேன், இரைச்சல் எழும்பியது, இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள் வந்தன, கேட்கிறது, அது நன்றாகக் கேட்கிறது, மைக்கை அழுத்தினால் மட்டும் ஒன்றுமில்லை, ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டார்ச் பல்பு ஒன்றை மாட்டினேன், பெட்டி பேசினால் அந்தச் சக்தியில் பல்பு எரியும், குரல் ஏறினால் வெளிச்சம் ஏறும், இறங்கினால் இறங்கும், பழைய ஆட்களின் வழக்கம் இது, ஹலோ ஹலோ என்று சொல்லாமல் கத்தரிக்கா கத்தரிக்கா என்றுதான் கஸ்பார் தன் பெட்டியைச் சோதிப்பார், க வல்லெழுத்து, பல்பு நல்லா குதிக்கும் என்பார், நானும் சொன்னேன், கத்தரிக்கா, பல்பு இருட்டாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பக்கத்து ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள், சாத்தான்குளத்துத் திரவியம் அண்ணன்தான் நடத்துபவர், ஒவ்வோர் அழைப்புக்குறியாகக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுப்பார், கஸ்பார் போன பிறகு வந்த முதல் ஞாயிறு அவர் குறியை ஒருதரம் சொல்லி, இனி இந்தக் குறி சைலண்ட் கீ என்றார், தந்திக்காரர்கள் காலத்துச் சொல், விரல் எடுபட்ட தந்திக்கட்டை, இறந்தவரை அப்படித்தான் சொல்வார்கள், எல்லாரும் சற்று நேரம் ஒலிபரப்பாமல் இருந்தார்கள், அந்த வெறும் இரைச்சலை என் பெட்டியில் கேட்டேன், அதன் பிறகு அண்ணன் என் குறியைக் கூப்பிட்டார், வரவே மாட்டேன் என்று தெரிந்தும் முன்பெல்லாம்கூடக் கூப்பிடுவார், இப்போதும் கூப்பிட்டார், கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார், நான் மைக்கை அழுத்தினேன், இருக்கேன் அண்ணே என்றேன், தொண்டை அடைக்கவில்லை, ஆனால் என் குரல் அந்த அறையைத் தாண்டவில்லை, சரி, அடுத்தது என்று அவர் போய்விட்டார், அன்றைக்கு மனத்தில் ஒன்று தெளிவாக உட்கார்ந்தது, இந்தப் பெட்டி பேச வேண்டும், அதை நான்தான் பேசவைக்க வேண்டும், பெட்டி பேசவில்லை என்று கேள்விப்பட்டுத் திரவியம் அண்ணன் போன் செய்தார், தங்கச்சி, பெட்டியைக் குடுத்தனுப்பு, எங்க பயலுவ ரெண்டு நாள்ல முடிச்சிருவானுவ, வேண்டாம் அண்ணே, நானே பாக்கேன், ஒன்னால முடியுமா, சுத்துனது பூரா நான்தான் அண்ணே, அவர் சிரித்தார், ஆமா, கஸ்பாரு சொல்லுவான், சூடு மட்டும்தான் நான், மத்ததெல்லாம் அவதாம்பான்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள், பிழை தேடுவது என் பிழைப்பு, புரியாத வார்த்தையில் பிழை இருக்காது, அங்கே எல்லாரும் நின்று பார்த்துவிடுவார்கள், சரிதான் என்று கண் தாண்டிப் போகிற இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும், அதே பழக்கத்தில் பலகையைப் படித்தேன், மைக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாக, இதுவரை குரல் வருகிறது, இதுவரை வருகிறது, கடைசியாகப் பெருக்கிக் கொடுக்கும் கட்டத்துக்குள் போகிறது, வெளியே வரவில்லை, அங்கே இருந்த டிரான்சிஸ்டரைக் கழற்றிப் புதியது போட்டேன், மாற்றமில்லை, அதையடுத்து இருப்பது அந்த டோராய்டு, அன்றைய காலையின் டோராய்டு, மீட்டர் வைத்தேன், பீப் என்றது, தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம், நான்கு பற்றும் கண்ணாடி மாதிரி, தாண்டிப் போனேன், மறுபடி மைக்கிலிருந்து படித்தேன், வாரங்கள் போயின, அச்சகம், வீடு, பலகை, ஞாயிறு, கூப்பிடுகிறார், காத்திருக்கிறார், அடுத்தது என்கிறார், ஒரு மத்தியானம் மேசையிலேயே தலை சாய்த்துக் கண்ணயர்ந்தேன், சன்னல் வெளிச்சத்தில் கஸ்பார் நிற்கிறார், நான் அழைக்காமலே அந்தக் காலை வந்துவிட்டது, அது தினமும் வரும், வந்தால் சாளை என்ற குரல் கேட்கும் முன் விழித்துக்கொள்வேன், ஏனென்றால் அதன் பிறகு அவர் படியிறங்குவார், அன்று விழிக்கவில்லை, இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பிளேடு இறங்குகிறது, சரக், ஒரு முனை, திருப்பிப் பிடிக்கிறார், சரக், இன்னொன்று, கண்ணருகே கொண்டுபோகிறார், பொறாமை வந்துரும் என்கிறார், சரக், மூன்றாவது, வளையத்தைத் திருப்புகிறார், ஏங்க, சாளை வந்திருக்கு, பிளேடு மேசையில் விழுகிறது, வந்து கை கழுவுகிறார், முகர்கிறார், மறுபடி கழுவுகிறார், கோலை எடுக்கிறார், நேராகக் கோலைத்தான் எடுக்கிறார், பிளேடை எடுக்கவில்லை, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அடுப்படியிலிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கிறது, மூன்று சரக்தான், மூன்றே முனைதான்.

பூச்சோடு இருக்கும் கம்பியின்மேல் ஈயம் அழகாகப் படியும், பளபளக்கும், ஆனால் உள்ளே செம்பைத் தொடாது, அப்படியானால் மீட்டரின் பீப் பக்கத்துச் சுருள் வழியே சுற்றிக்கொண்டு வந்த பீப், நான் பார்த்த இடத்திலிருந்து வந்ததல்ல, கோலைச் சூடாக்கினேன், நான்காவது முனையின் பற்றைக் கழற்ற வேண்டும், அந்நேரம் இன்னாசி பரோட்டாப் பொட்டலத்தோடு படியேறி வந்தான், என்ன மதினி, மறுபடியும் பிரிக்கியளா, இந்த ஈயத்தை எடுக்கணும் இன்னாசி, இதுலதான் கோளாறு, அவன் குனிந்து பார்த்தான், யாரு வச்சது இது, ஒங்க அண்ணன், அன்னைக்குக் காலையில வச்சது, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், மதினி, அப்படியே கெடக்கட்டுமே, அண்ணன் கடைசியா கைவச்சதுல்லா, நானும் அதை நினைக்காமல் இல்லை, அந்த ஈயம் உருகினால் அன்றைய காலையில் அவர் கை செய்ததில் ஒரு துளி இல்லாமல் போகும், அதன் வழவழப்பில் சன்னல் சிறிதாகத் தெரிகிறது, இன்னாசி, அவிய இதப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு வைக்கல, நான் பேசதுக்கு வச்சாவ, கைய எடு, சுட்டுரும், அவன் எடுத்தான், கோல் தொட்டதும் ஈயம் நெகிழ்ந்தது, கம்பியை இழுத்தேன், ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, பூச்சு கொஞ்சமும் கலையாமல், கருஞ்சிவப்பாக, ஈயத்தில் கம்பி இருந்த இடம் மட்டும் ஊசித்துளையாக நின்றது, இன்னாசி அதை உற்றுப் பார்த்துவிட்டு, அட அண்ணே, சாளைக்குப் போன அவசரமா என்றான், அந்தக் காலைக் கதையை முன்பே அவனிடம் சொல்லியிருந்தேன், இருவரும் சிரித்தோம், பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

சன்னல் வெளிச்சத்துக்கு நேரே கம்பியின் முனையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், பிளேடு அதன்மேல் படிந்து மெல்ல இறங்குகிறது, சரக், நான்காவது, கருஞ்சிவப்பு உதிர்ந்து புதுச் செம்பு எட்டிப் பார்க்கிறது, பூச்சுப் பொடி என் விரலில் ஒட்டுகிறது, கம்பியைத் துளையில் விட்டுச் சூடு வைக்கிறேன், என் பற்று அவருடையதைப் போல் வழவழப்பாக இல்லை, கொஞ்சம் குண்டு, பரவாயில்லை, பல்பை மாட்டு இன்னாசி என்கிறேன், மைக்கை அழுத்திக் கத்தரிக்கா என்கிறேன், பல்பு குதிக்கிறது, கத்தரிக்கா கத்தரிக்கா, மஞ்சளாக ஏறி ஏறி இறங்குகிறது, மதினி, இன்னொரு தடவ சொல்லுங்க என்கிறான் இன்னாசி, சிறுபிள்ளை மாதிரி பல்பின் அருகே முகத்தை வைத்துக்கொண்டு, சொல்கிறேன், என் குரலின் ஏற்றமும் இறக்கமும் அவன் கன்னத்தில் விழுகின்றன, ஞாயிறு வருகிறது, ஆண்டெனா ஒயரைச் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், திரவியம் அண்ணன் ஒவ்வொரு குறியாகச் சொல்லிக்கொண்டே வருகிறார், என்னுடையதைச் சொல்கிறார், காத்திருக்கிறார், நான் என் குறியைச் சொல்கிறேன், பெயரைச் சொல்கிறேன், தூத்துக்குடி என்கிறேன், கேக்குதா அண்ணே, இரைச்சல், இரைச்சல் மட்டும், பிறகு அவர், தங்கச்சி என்கிறார், அவ்வளவுதான், மறுபடி இரைச்சல், பதிவு எடுக்கிறவருக்குரிய குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டு, சத்தம் நல்லா வருது, தெளிவா வருது, மொத எண்ட்ரி, எழுதிக்கிடுதேன், நேரம் சொல்லு என்கிறார், நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறேன், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.