சமையலறைக் கதவில் சாய்ந்த ஸ்பானர்

நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளாத வாரத்தில்தான் அவர் காருக்கு பிரேக் பேட் மாற்றினார். அதில்தான் வந்தது வினை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடுகளவு திருகாணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே விரலால் முடுக்குகிற கை. கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடுமாம். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் லீவு நாளானால் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாமே வீட்டு ஷெட்டில்தான். பட்டறையில் விடலாமே என்று சொல்லிப் பாருங்கள், பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கச் சொன்ன மாதிரி முகம் போகும்.

ஆனால் சக்கரத்து நட்டு இரண்டு விரலுக்கு அடங்குமா? போதாததற்கு அவருக்கு வலது தோள்பட்டை வேறு பிடித்துக்கொண்டு பல காலம் ஆகிறது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்குவது வரை அவர் வேலை. பிறகு வீல் ஸ்பானரைக் கொண்டுவந்து சமையலறைக் கதவில் சாய்த்து வைப்பார். 'உன் முறை' என்று அர்த்தம். நான் போய் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரை மாட்டி, அதன் கைப்பிடி மேல் ஏறி நின்று ஒரு அழுத்து அழுத்துவேன். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். குண்டு எறிந்து கப் வாங்கியவள். நான் ஏறி நின்றால் எந்த நட்டும் வாயைத் திறக்காது. முடித்ததும் ஸ்பானரை நீலப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன். பெட்டிக்குள் ஸ்பானர் இருந்தால் வேலை முடிந்தது. இத்தனை வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பேசத் தேவையே இருந்ததில்லை.

போன வாரம் மகள் வந்தாள், கூடவே அவள் மாமியாரும். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வருகிறார், இங்கிருந்து விமான நிலையம் பக்கம் என்பதால் இரண்டு பேரும் எங்களோடு தங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது நான் நட்டு முடுக்குகிற கதையை மகள் சொல்ல, சம்பந்தியம்மா சும்மா இருக்காமல், "இதையெல்லாம் மெஷின் வெச்சு அளந்துதானே முடுக்கணும்னு சொல்வாங்க?" என்று கேட்டு வைத்தார். என் வீட்டுக்காரர் உடனே என்னைக் கையால் காட்டி, "அதுக்கு டார்க் ரெஞ்சுன்னு ஒண்ணு இருக்கு. நாங்க வாங்கவே இல்ல. எழுபத்தெட்டு கிலோ சொந்தமாவே வீட்டுல இருக்கே!" என்றார்.

சம்பந்தியம்மாவுக்குச் சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது. மகளும் சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என் எடை எனக்கும் அவருக்கும் தெரிந்தால் போதாதா? அதைச் சம்பந்தி காதில் போடுவானேன்? மானத்தை வாங்கிவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. சோறு போட்டேன், சட்டை தேய்த்துக் கொடுத்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை. அவரும் ரோஷக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த நிலையில்தான் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி பேட் மாற்றினார். இருட்டும் நேரத்தில் பார்க்கிறேன், சமையலறைக் கதவில் ஸ்பானர் சாய்ந்து நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கேலி செய்த வாயால் ஒரு வார்த்தை கேட்க முடியாது, ஆனால் எழுபத்தெட்டு கிலோ மட்டும் வேண்டுமா? வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கட்டும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் நீலப் பெட்டிக்குள் போட்டு, படாரென்று மூடினேன். மாப்பிள்ளையை அழைத்துவர கார் ஞாயிற்றுக்கிழமைதானே வெளியே போகப் போகிறது, அதற்குள் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஷெட் காலியாக இருந்தது. இவர் வாசற்படியில் உட்கார்ந்து கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்டுகொள்ளாமல் அவரைத் தாண்டிப் போனேன்.

"இந்தா பாரு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். இருந்தாலும் அவ்வளவு கோபத்துலயும் நீ நட்டை முடுக்கிக் குடுத்தே பாரு, மனசு கேக்கல."

"எந்த நட்டு?" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "ஸ்பானர் பெட்டியில இருந்துச்சே?"

"நான்தான் போட்டேன். முடுக்கல. கார் எங்கங்க?"

"மாப்ள முந்தின ஃபிளைட்லயே வர்றாராம். இப்பதான் கொஞ்சம் முன்னாடி பாப்பாவும் சம்பந்தியம்மாவும் கிளம்பிப் போனாங்க."

இரண்டு முன்சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நட்டுகள், எல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு விரலால் திருகியவை. அவற்றை நம்பி என் மகள் விமான நிலையச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறாள்.

போனை எடுத்து அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன்.

"எடுக்க மாட்டா," என்றார் இவர். முகம் வெளுத்திருந்தது. "ஓட்டும்போது போன் டிக்கியிலதான் இருக்கணும்னு நான்தானே பழக்கினேன்."

"சம்பந்தியம்மா போன்?"

"சார்ஜர்ல கிடக்கு, கூடத்துல."

நான் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வெறுங்கையோடு ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டில் பிரட் வேன்காரர் காலி டிரேக்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, வண்டியை எடுங்க. பாப்பா போற கார்ல வீல் நட்டு லூஸ்," என்று சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்தேன். இவர் எனக்கு முன்னால் ஏறி நடுவில் ஒடுங்கிக்கொள்ள, நான் ஜன்னலோரம் ஏறினேன். வேன்காரர் மீதி டிரேக்களைத் தரையிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"எந்த ரோடு டீச்சர்?"

"ஏர்போர்ட் ரோடு. பாலத்துக்கு முன்னாடி பிடிச்சாகணும்," என்றார் இவர்.

அந்தப் பாலம் எனக்குத் தெரியும். ஏற்றம் முடிந்து இறங்கும் இடத்தில் எல்லோரும் வேகமெடுப்பார்கள். அந்த இறக்கத்தில் ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை நினைக்காமல் இருக்க, ஸ்பானரை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"லூஸா இருந்தா சத்தம் வரும்ல? பாப்பாவுக்குத் தெரியாதா? நிறுத்திடுவா இல்ல?" என்று கேட்டேன்.

இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வாயில என்ன இருக்கு?"

"புது பேடு, முதல்ல கொஞ்சம் சத்தம் வரும், பயப்படாம ஓட்டுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்," என்றார்.

அடிக்கத்தான் தோன்றியது. கையில் ஸ்பானர் வேறு இருந்தது. நாசமாகப் போக, எல்லாவற்றையும் இப்படியா ஒழுங்காகச் செய்து வைப்பார் ஒரு மனுஷன்! போனைப் பூட்டி வைத்தாயிற்று, சத்தம் கேட்டாலும் நிற்காதே என்று சொல்லியாயிற்று. மிச்சத்துக்கு என் ரோஷம். நான் ஒரு வார்த்தை 'முடியாது' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். நான் பெட்டியை மூடிய சத்தத்தை அவர் 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

"ஆனா மெதுவாத்தான் போவா," என்றார் தனக்கே சொல்வதுபோல. "புது பேடு பழகுற வரைக்கும் வேகம் வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்."

"அதையாவது கேட்டிருக்கணும்," என்றேன்.

வேன்காரர் லாரிகளுக்கு இடையில் புகுந்து போனார். பின்னால் டிரேக்கள் சரிந்து மோதின. ஒவ்வொரு வெள்ளைக் காரும் எங்கள் காராகத் தெரிந்து, பக்கத்தில் போனதும் வேறாகிப் போனது. ஓரத்தில் கொஞ்சம் கூட்டம் நின்றால் எட்டி எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் தாண்டியது, மரக்கடைகள் தாண்டின. பாலத்தின் ஏற்றம் தூரத்தில் தெரிந்தபோது இவர் முன்னால் சாய்ந்தார்.

"அதோ. அந்தத் தண்ணி லாரிக்கு முன்னாடி. நம்ம வண்டிதான்."

வேன்காரர் ஹாரனில் கை வைத்தார். இவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம் தம்பி. பயந்து சட்டுனு பிரேக் அடிச்சான்னா வீல் பிச்சுக்கும்."

"அப்ப முன்னாடி போய் மறிக்கட்டுமா சார்?"

"மறிச்சாலும் பிரேக்தான் அடிப்பா. பக்கத்துல போங்க. ஒரே வேகத்துல, பக்கத்துலயே போங்க."

வேன் மெல்ல நெருங்கி காரின் பக்கமாக வந்தது. என் ஜன்னலுக்குக் கீழே காரின் முன்சக்கரம். அது நேராகச் சுற்றவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. கால் ஒடிந்த நாற்காலி ஆடுமே, அந்த ஆட்டம். உள்ளேயிருந்து கடகடவென்று வந்த சத்தம் வேன் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஆனால் என் மகளோ அப்பா சொன்னபடியே பயப்படாமல், நேராகச் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏற்றம் ஆரம்பித்துவிட்டது.

முதலில் எங்களைப் பார்த்தது சம்பந்தியம்மாதான். முகமெல்லாம் சிரிப்பாக எனக்குக் கை ஆட்டினார்.

அவர் கை ஆட்டியதைப் பார்த்து மகள் திரும்பினாள். அம்மாவும் அப்பாவும் பிரட் வேனில் ஏறி வருகிறார்களே என்று அவள் கண் விரிந்தது. கத்த வாயெடுத்தேன். கத்தினால் பயப்படுவாள். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்கு அதை முழுங்கினேன்.

ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே சாய்ந்தேன். இவர் என் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் காட்டி, மெல்ல, மிக மெல்ல இறக்கினேன். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினேன்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஷெட்டில் ஜாக்கியை இறக்குவது அவள் வேலை. அவசரக்குடுக்கை, படக்கென்று இறக்கிவிடுவாள். காருக்கு அடியில் அப்பா இருப்பார் என்பதால் நான் எதிரில் நின்று உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவேன். என் கை இறங்குகிற வேகத்துக்குத்தான் அவள் ஜாக்கியை இறக்க வேண்டும்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் என் இன்னொரு கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் கால் பதறவில்லை. என் கை இறங்க இறங்கக் காரின் வேகமும் இறங்கியது. ஏற்றம் எங்களுக்கு உதவி செய்தது. பிரேக்கைத் தொடாமலேயே கார் தளர்ந்து, ஓரம் ஒதுங்கி, பாலத்தின் மதிலை ஒட்டி நின்றது. வேன்காரர் பின்னால் வேனை நிறுத்தி, நான்கு விளக்கையும் போட்டார்.

நான் இறங்கி ஓடி மகளைக் கதவிலிருந்து இழுத்துக் கட்டிக்கொண்டேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. இவர் பிளாஸ்டிக் வீல் கப்பை நெம்பி எடுத்ததும் புரிந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு நட்டுகள் ரோட்டில் உருண்டன. மூன்றாவது அவர் விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. நான்காவதுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் அரைகுறையாக.

இவர் அந்த மூன்றாவது நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார். கடுகளவு திருகாணியைப் பிடிக்கிற அதே இரண்டு விரலால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, என்னாச்சு? பஞ்சரா?" என்றார் சம்பந்தியம்மா. நட்டுகளைப் பார்த்ததும் அவரே மெதுவாக மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டிக்கியிலிருந்து ஜாக்கி வந்தது. இவர் சக்கரத்தை நேராக்கி, நான்கு நட்டையும் கையால் திருகினார். மகள் ஜாக்கியை இறக்கினாள், நான் கை காட்டாமலேயே மெதுவாக. ஸ்பானர் என் கையில்தான் இருந்தது.

இவர் எழுந்து என் எதிரில் வந்து நின்றார். லாரிகள் பக்கத்தில் இரைந்துகொண்டு போயின.

"நீ கொஞ்சம் முடுக்கித் தரியா?" என்றார்.

வாயைத் திறந்து கேட்டுவிட்டார். இதற்காகத்தானே பெட்டியைப் படாரென்று மூடினேன் என்று நினைத்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஸ்பானரை நட்டில் மாட்டினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடி மேல் ஏறினேன். விழாமலிருக்க இவர் கை கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். முழு உடம்பையும் இறக்கினேன். நட்டு ஒரு முனகல் முனகி நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு அந்தப் பக்கத்துச் சக்கரம். அதிலும் எல்லாம் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

கடைசி நட்டில் இருந்து நான் இறங்கியபோது, "இப்ப நேரா பட்டறைக்குப் போயிடலாம். ஒரு தடவை அவங்க பாக்கட்டும். மாப்ள டாக்ஸியில வரட்டும்," என்றார் இவர். பட்டறை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

சம்பந்தியம்மா மதிலோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை சிரிப்பைக் காணோம்.

"எழுபத்தெட்டு இல்ல சம்பந்தி," என்றேன். "எண்பத்திமூணு. இவர் அன்னைக்குக் குறைச்சுச் சொல்லிட்டார்."